கொலோன் பேராலயமும் கோதிக் கட்டடக்கலையும்: ஒரு வரலாற்று நோக்கு

கட்டடக்கலை ஏனைய நுண்கலைகளினின்றும் ஒருவகையில் வேறுபட்டது. கவிதையை ஒருவன் தனித்திருந்து யாக்கலாம். ஓவியத்தை ஒரு கையே தீட்டி முடிக்கலாம். பெருங் கட்டடமோ நிலமும் பொருளும் கருவியும் உழைப்பும் அதிகாரமும் ஒருங்கு கூடினாலன்றி எழுவதில்லை. ஆகவே ஒரு கட்டடத்தைச் சுவைக்க விரும்புவோர் அதன் உருவ அழகை மாத்திரமன்றி, அவ்வுருவத்தை வேண்டி நின்ற சமுதாயத்தையும் அறிந்திருத்தல் அவசியமாகின்றது. ஐரோப்பிய மத்திய காலத்தின் தலைசிறந்த கலைப்பேறாகக் கருதப்படும் கோதிக் கட்டடக்கலையை இந்நோக்கில் ஆராய்வதற்கு, ஜேர்மனியில் றைன் நதிக்கரையில் அமைந்துள்ள கொலோன் நகரப் பேராலயம் மிகப் பொருத்தமான சான்றாகும். 1248 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற இவ்வாலயம் 1880 ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றது. கோதிக் கலையைப் படைத்த காலமும், பல நூற்றாண்டுகளின் பின் அதனைப் போற்றிய காலமும் ஒரே கட்டடத்தில் தத்தம் சுவடுகளை விட்டுச் சென்றுள்ளன. அச்சுவடுகளை வேறுபிரித்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் 'கோதிக்' என்னும் பெயரைப்பற்றிக் கூறுதல் வேண்டும். கோத்தர் எனப்பட்டோர் 410 ஆம் ஆண்டில் உரோம நகரைச் சூறையாடிய குலத்தினர். இக்கட்டடக்கலைக்கும் அவர்களுக்கும் எத்தகைய தொடர்பும் இல்லை. பண்டைய உரோமக் கலையையே அளவுகோலாகக் கொண்ட இத்தாலிய மறுமலர்ச்சிக்கால அறிஞர், கூர்நுனி வளைவுகளையும் நெருங்கிய அலங்காரங்களையும் நாகரிகமற்றோரின் கைவேலையென இகழ்ந்தனர். 1550 ஆம் ஆண்டில் கலைஞர்களின் வரலாறுகளை நூலாக வெளியிட்ட வசாரி, இப்பாணியைக் கோத்தர் மீது சுமத்தியதோடு அதனை ஜேர்மானியப் பாணி எனவும் குறிப்பிட்டார். ஆனால் அக்கலை செழித்திருந்த காலத்து மக்கள் அதனை வேறு பெயரால் வழங்கினர். 1280 ஆம் ஆண்டளவில் விம்பென் என்னும் ஜேர்மானியச் சிற்றூரின் வரலாற்றுக் குறிப்பொன்று, பாரிசிலிருந்து அண்மையில் வந்த கற்கொத்தன் ஒருவன் அங்குள்ள ஆலயத்தைப் 'பிரெஞ்சு வேலைமுறையில்' கட்டினான் எனக் கூறுகின்றது. அக்காலத்தவர்க்கு ஐயமேதுமின்றித் தெரிந்திருந்த இச்செய்தி பின்னர் மறக்கப்பட்டமையும், மறக்கப்பட்டதன் விளைவுகளும் கொலோன் பேராலயத்தின் வரலாற்றில் முக்கிய இடம்பெறுகின்றன.

பாரிசுக்கு அருகேயுள்ள சென் டெனி மடாலயத்தில், சூஜே என்னும் மடாதிபதியின் முயற்சியால் 1144 ஆம் ஆண்டில் அர்ச்சிக்கப்பட்ட கிழக்குப் பகுதியே கோதிக் கலையின் தோற்றுவாய் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. அதற்கு முற்பட்ட றோமனெஸ்க் பாணியில் அரைவட்ட வளைவுகளும் தடித்த சுவர்களும் சிறிய சாளரங்களும் காணப்பட்டன. கல்லாலான வளைவுக் கூரை தன் பாரத்தினாற் சுவர்களைக் கீழ்நோக்கி அழுத்துவதோடு வெளிநோக்கியும் தள்ளும். அத்தள்ளுவிசையைத் தாங்கச் சுவரைத் தடிப்பாக்கினர். தடித்த சுவரிற் பெரிய சாளரம் திறத்தல் ஆபத்தாயிற்று. கோதிக் சிற்பிகள் இச்சிக்கலை மூன்று உத்திகளை இணைத்துத் தீர்த்தனர். கூர்நுனி வளைவு வெளித்தள்ளலைக் குறைத்தது. கூரையின் அடியிற் குறுக்குநெடுக்காக ஓடிய கல் விலாக்கள் பாரத்தைத் தூண்களின் உச்சிக்குக் கொண்டுசென்றன. அங்கிருந்து எஞ்சிய தள்ளுவிசையை, கட்டடத்துக்கு வெளியே பாலம்போலத் தாவி நிற்கும் முட்டுவளைவுகள் ஏற்று, தொலைவில் நின்ற உதைதூண்களின் வழியே நிலத்திற் சேர்த்தன. இம்மூன்றும் தனித்தனியே முன்னரும் அறியப்பட்டிருந்தவை. அவற்றை ஒரே முறைமையாக ஒழுங்குபடுத்தியமையே கோதிக் சிற்பிகளின் சாதனை எனலாம். பாரம் சுமக்கும் கடமையிலிருந்து சுவர் விடுபட்டது; விடுபட்ட இடத்தை வண்ணக் கண்ணாடி நிரப்பியது. கோதிக் ஆலயத்தின் ஒளியும் உயரமும் பக்தியின் வெளிப்பாடுகள் என்பது உண்மையே. எனினும் அப்பக்திக்கு உருவங் கொடுத்தது நெடுங்காலக் கைவினை அனுபவத்தாற் பெறப்பட்ட பொறியியல் அறிவு என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இப்புதிய கலை கொலோன் நகருக்கு வந்தபோது அங்கு கலை வறுமை நிலவவில்லை. உரோமப் பேரரசின் குடியிருப்பாகத் தோன்றிய அந்நகர், பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஜேர்மன் மொழி வழங்கிய நிலப்பரப்பின் மாபெரும் நகரங்களுள் முதன்மை பெற்றிருந்தது. அதன் றோமனெஸ்க் ஆலயங்கள் பெரும் புகழ்பெற்றவை. அவற்றுட் பன்னிரண்டு இன்றும் உள்ளன. அவற்றுள் ஒன்றான புனித குனிபெர்ட் ஆலயம் 1247 ஆம் ஆண்டில், அதாவது புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டுவதற்கு ஓராண்டு முன்னர், அர்ச்சிக்கப்பட்டது. சென் டெனி எழுந்து நூறாண்டுகள் கடந்த பின்னரும் கொலோன் கொத்தர்கள் தம் முன்னோரின் மரபையே பேணிவந்தனர். இந்நகரின் மண்ணுக்குரிய கலை என ஒன்றைக் கூறவேண்டுமாயின், அது றோமனெஸ்க் கலையே ஆகும். கோதிக் அங்கு வெளியிலிருந்து வந்த புதுமையாகும்.

அப்புதுமை வேண்டப்பட்டமைக்குச் சமய, அரசியற், பொருளாதாரக் காரணங்கள் இருந்தன. 1164 ஆம் ஆண்டில் பேராயர் றைனால்ட், பேரரசரின் வெற்றிப் பரிசாகக் கிடைத்த மூவரசரின் திருப்பண்டங்களை மிலான் நகரிலிருந்து கொலோனுக்குக் கொணர்ந்தார். குழந்தை இயேசுவைக் காணவந்த ஞானிகளுடையவை என நம்பப்பட்ட இவ்வெச்சங்களைத் தரிசிக்க யாத்திரிகர் திரண்டனர். ஆகனில் முடிசூடிய ஜேர்மன் அரசரும் அடுத்துக் கொலோனுக்கு வந்து மூவரசரை வணங்குதல் வழக்கமாயிற்று. நிக்கொலஸ் என்னும் வெர்டன் நகரப் பொற்கொல்லரும் அவர் வழிவந்தோரும் உருவாக்கிய பொற்பேழை இத்திருப்பண்டங்களை இன்றும் தாங்கிநிற்கின்றது. பழைய ஆலயம் இப்பெருமைக்குப் போதாதெனக் கருதப்பட்டது. மேலும், கொலோன் பேராயர் சமயத் தலைவராக மாத்திரமன்றி, அரசரைத் தெரிவுசெய்யும் உரிமைபெற்ற பெரும் நிலப்பிரபுவாகவும் விளங்கினார். அடிக்கல் நாட்டிய பேராயர் கொன்றாட் அத்தகைய அதிகாரத்தின் உச்சியில் நின்றவர். அவரே 1259 ஆம் ஆண்டில், றைன் வழியே செல்லும் வணிகர் தம் பண்டங்களைக் கொலோனில் இறக்கி மூன்று நாட்கள் விற்பனைக்கு வைத்தல் வேண்டும் என்னும் உரிமையை நகருக்கு வழங்கினார். நதி வணிகத்தின் செல்வமும் யாத்திரிகரின் காணிக்கையும் இணைந்தே பேராலயத்தின் பொருளடிப்படை ஆயின.

1248 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 ஆந் திகதி, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, அடிக்கல் நாட்டப்பெற்றது. முதற் சிற்பாசாரியாரான கெர்ஹார்ட் வடபிரான்சின் ஆலயங்களை நன்கறிந்தவர் என்பதைக் கட்டடமே காட்டுகின்றது. 1220 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அமியன் பேராலயத்தின் தளவமைப்பும் கொலோன் கிழக்குப் பகுதியின் தளவமைப்பும் மிக நெருங்கிய ஒற்றுமை கொண்டவை. ஆயினும் கெர்ஹார்ட் வெறுமனே படியெடுத்தார் எனக் கூறுதல் பொருந்தாது. அமியனிற் சிற்சில இடங்களில் இசைவின்றி நின்ற கூறுகளை அவர் ஒரே விதிக்குட் கொணர்ந்தார். தூணினின்றும் எழும் மெல்லிய தண்டுகள் தடையின்றி மேலேறிக் கூரையின் விலாக்களாக விரிகின்றன. 43 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் அவை ஒன்றையொன்று சந்திக்கும்போது, கல் தன் கனத்தை இழந்துவிட்டதோ என்னும் உணர்வு காண்போருக்கு ஏற்படுகின்றது. பிரெஞ்சுக் கலையின் தருக்கத்தை அதன் பிறந்தகத்தார் கொண்டுசென்ற எல்லைக்கும் அப்பால் எடுத்துச்சென்றதிலேயே கொலோனின் தனித்துவம் தங்கியுள்ளது.

இவ்வுணர்வை எழுப்பிய கைகளைப்பற்றியும் சிந்தித்தல் தகும். கொலோனுக்குத் தெற்கே, நதியின் மேற்புறத்தில் உள்ள திறாக்கென்பெல்ஸ் குன்றில் வெட்டப்பட்ட எரிமலைக்கல் படகுகளில் ஏற்றப்பட்டு நீரோட்டத்துடன் நகரை அடைந்தது. அங்கு கற்கொத்தரும் தச்சரும் கொல்லரும் சாந்து கலப்போரும் சுமைதூக்குவோரும் சிற்பாசாரியாரின் கீழ் ஒழுங்கமைந்த வேலைக்களத்திற் பணிபுரிந்தனர். இவர்கள் கூலி பெற்ற தொழிலாளர். வேலை தேடி நாடு விட்டு நாடு சென்றவர்களும் ஆவர். கட்டடக்கலை அறிவு எல்லைகளைக் கடந்து பரவியமைக்கு அரசரோ பேராயரோ மட்டும் காரணரல்லர். கையில் உளியும் மனத்தில் வடிவங்களும் கொண்டு நடந்துசென்ற இக்கைவினைஞரே அதன் உண்மையான தூதுவர். அவர்களிற் பெரும்பாலோரின் பெயர்கள் மறைந்துவிட்டன.

ஆலயத்தின் கிழக்குப் பகுதி 1322 ஆம் ஆண்டில் அர்ச்சிக்கப்பட்டது. அதற்கிடையில் நகரின் அரசியல் முற்றாக மாறிவிட்டது. 1288 ஆம் ஆண்டில் வோரிங்கன் போர்க்களத்திற் பேராயர் சீக்பிரீட்டை எதிர்த்து நின்றோருள் அவருடைய சொந்த நகர மக்களும் இருந்தனர். பேராயர் தோற்றுச் சிறைப்பட்டார். அதன்பின் கொலோன் நகரம் நடைமுறையில் தன்னைத் தானே ஆண்டது. பேராயர்கள் வழக்கமாக வேறு ஊர்களிற் தங்கலாயினர். ஆயினும் கட்டடவேலை நின்றுவிடவில்லை. அதிகாரத்தின் சின்னமாகத் தொடங்கப்பட்ட ஆலயத்தை, அவ்வதிகாரத்தைத் தோற்கடித்த நகரத்தார் தம்முடையதாக ஏற்றுக்கொண்டனர். ஒரு கட்டடத்தின் பொருள் அதைத் தொடங்கியவரின் கருத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

மத்தியகால ஆலயத்தை அன்பும் ஒற்றுமையும் நிறைந்த சமுதாயத்தின் கண்ணாடியாகக் காண்போர் உளர். கொலோன் பேராலயத்தில் உள்ள இரு பொருட்கள் அக்கருத்தை ஐயுறச் செய்கின்றன. ஒன்று, 1266 ஆம் ஆண்டில் பேராயர் இரண்டாம் எங்கல்பெர்ட் யூதருக்கு வழங்கிய உரிமைகளைப் பொறித்த கற்பலகை. இறந்தோரைத் தடையின்றி அடக்கஞ்செய்யும் உரிமை முதலியன அதில் உறுதிசெய்யப்பட்டுள்ளன. மற்றொன்று, 1308 க்கும் 1311 க்கும் இடையில் செய்யப்பட்ட மர இருக்கைகளில் யூதரை இழிவுபடுத்திச் செதுக்கப்பட்ட சிற்பம். உரிமைச் சாசனமும் இழிசிற்பமும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. 1349 ஆம் ஆண்டில் கொலோன் யூதர் படுகொலை செய்யப்பட்டனர். பின்னர் மீண்டும் குடியேற அனுமதிக்கப்பட்டோரும் 1424 ஆம் ஆண்டில் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கலையின் மேன்மை அதைப் படைத்த சமுதாயத்தின் நீதிக்குச் சான்றாகாது. கலையைச் சுவைக்கும் மாணவன் இவ்விரண்டையும் மறவாது நோக்குதல் வேண்டும்.

பதினைந்தாம் நூற்றாண்டில் தெற்குக் கோபுரம் 50 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. பின்னர் வேலை தளர்ந்து, 1560 ஆம் ஆண்டில் முற்றாக நின்றது. சமயச் சீர்திருத்தத்தால் ஐரோப்பியக் கிறித்தவம் பிளவுபட்டது; காணிக்கைகள் குறைந்தன; கலைச்சுவை மறுமலர்ச்சிப் பாணியை நாடியது. முடிவுற்ற கிழக்குப் பகுதியும் முடிவுறாத கோபுர அடியும் பிரிந்து நிற்க, இடையில் உயரங் குன்றிய தற்காலிகக் கூரைகள் அமைந்திருந்தன. கோபுரத்தின் மேல் மத்தியகாலத்து மரப் பாரந்தூக்கி நின்றது. அதுவே 1868 ஆம் ஆண்டுவரை நகரின் அடையாளமாயிற்று. 1794 ஆம் ஆண்டிற் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் நகரைக் கைப்பற்றிய பின்னர் ஆலயம் சிலகாலம் தீவனக் களஞ்சியமாகவும் பயன்பட்டது.

இந்நிலையிலேயே கோதிக் கலை மறுமதிப்புப் பெற்றது. இளைஞராகிய கேதே 1772 ஆம் ஆண்டில் ஸ்திராஸ்பூர்க் பேராலயத்தைப் போற்றிக் கட்டுரை எழுதினார். வசாரி இகழ்ச்சியாகக் கூறிய 'ஜேர்மானியப் பாணி' என்னுந் தொடர் அவர் கையிற் புகழுரையாக மாறியது. நெப்போலியனின் ஆதிக்கம் வீழ்ந்த 1814 ஆம் ஆண்டில், பத்திரிகையாளர் யோசப் கேரஸ், கொலோன் பேராலயத்தை முடிப்பது ஜேர்மானியத் தேசத்தின் கடமை என முழங்கினார். அதே ஆண்டில் மேற்கு முகப்பின் மத்தியகால வரைபடத்தின் ஒரு பாதி டார்ம்ஸ்ராட் நகரிற் கண்டெடுக்கப்பட்டது; மறுபாதி 1816 இல் பாரிசிற் கிடைத்தது. தோற்பத்திரத் துண்டுகளை இணைத்து வரையப்பட்ட, நான்கு மீற்றருக்கும் மேற்பட்ட உயரமுடைய இவ்வரைபடம் இல்லாதிருப்பின் பிற்காலக் கட்டடவேலை வெறுங் கற்பனையாகவே அமைந்திருக்கும். கொலோன் வணிகக் குடும்பத்திற் பிறந்த சுல்பீஸ் புவாசறே தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இவ்வாலயத்தை அளந்து ஆராய்வதிற் செலவிட்டார். அவருடைய பெரும் வரைபட நூல் ஆலயத்தின் முழுமையான தோற்றத்தை மக்கள் மனத்தில் முதலிற் கட்டியெழுப்பியது.

1815 ஆம் ஆண்டில் கொலோன் பிரசிய அரசின் வசமாயிற்று. அரசோ புரட்டஸ்தாந்து சார்புடையது. நகரோ கத்தோலிக்கச் சார்புடையது. 1837 இல் கலப்பு மணம் பற்றிய பிணக்கிற் கொலோன் பேராயரை அரசு சிறையிட்டது. அவ்வாறு உண்டான புண்ணை ஆற்றும் அரசியல் தேவையும், 1842 ஆம் ஆண்டு செப்டெம்பர் 4 ஆந் திகதி பிரசிய மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியம் மீண்டும் அடிக்கல் நாட்டியதற்குப் பின்னணியாக இருந்தது. அவ்வாண்டிலேயே குடிமக்களின் பேராலயக் கட்டடச் சங்கமும் நிறுவப்பெற்றது. செலவின் பெரும்பகுதியை இச்சங்கம் நன்கொடையாலும் பின்னர் அதிர்ஷ்டலாபச் சீட்டுக்களாலும் திரட்டியது. கத்தோலிக்கருடன் புரட்டஸ்தாந்தினரும் யூதரும் பொருளுதவினர். யூத வங்கியாளராகிய ஒப்பன்ஹைம் குடும்பத்தினர் அவர்களுட் குறிப்பிடத்தக்கவர். பாரிசில் வாழ்ந்த கவிஞர் ஹைனே முதலில் அங்குள்ள துணைச்சங்கத்திற் பங்குகொண்டார். 1844 ஆம் ஆண்டில் வெளியிட்ட நெடுங்கவிதையில், இவ்வாலயம் ஒருபோதும் முடிவுறாது என எள்ளிநகையாடினார். மன்னரும் மதகுருமாரும் கைகோத்து நடத்தும் பழமைவாதமே அம்முயற்சியில் அவர் கண்ணுக்குப் புலப்பட்டது.

ஹைனேயின் எதிர்வுகூறல் பொய்த்தது. எனினும் அவரது ஐயம் முற்றிலும் தவறெனக் கூறவியலாது. சுவிர்னர் என்னுஞ் சிற்பாசாரியாரும், 1861 இல் அவர் இறந்தபின் வோயிக்டெல் என்பவரும் பணியை நடத்தினர். வெளித்தோற்றம் மத்தியகாலத்ததாயினும் வேலைமுறை கைத்தொழிற் புரட்சிக் காலத்துக்குரியது. கல்வளைவுகளின் மேலே, மரச்சட்டங்களுக்குப் பதிலாக இரும்புச் சட்டங்களாற் கூரை அமைக்கப்பட்டது. 1859 ஆம் ஆண்டில் ஆலயத்தின் அருகிலேயே புகையிரத நிலையமும் றைன் மீது இரும்புப் பாலமும் திறக்கப்பட்டன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கனவை நிறைவேற்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரும்பும் முதலுமே எனலாம்.

இதற்கிடையில் கலை வரலாற்றாய்வு தன் வழியே முன்னேறியது. கோதிக் கலை ஜேர்மனியிலன்றி வடபிரான்சிலேயே தோன்றியது என்பதையும், கொலோன் அமியனுக்குக் கடன்பட்டது என்பதையும் 1840 களிலேயே ஜேர்மானிய ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர். விம்பென் குறிப்பு எழுதியவர் அறிந்திருந்த உண்மை ஐந்நூறு ஆண்டுகளின் பின் மீண்டும் அறியப்பட்டது. ஆனால் தேசியப் பெருமிதத்துக்கு இவ்வாய்வு தடையாகவில்லை. 1870–71 போரிற் பிரான்சு தோற்றபின், கைப்பற்றிய 22 பிரெஞ்சுப் பீரங்கிகளை உருக்கி ஏறத்தாழ 27 தொன் எடையுடைய பேரரசர் மணி இவ்வாலயத்துக்கென வார்க்கப்பட்டது. பிரெஞ்சுக் கைவினைஞரின் அறிவால் எழுந்த ஆலயத்திற் பிரெஞ்சுப் பீரங்கி வெண்கலம் வெற்றி முழக்கமாக ஒலித்தது! 1880 ஆம் ஆண்டு ஒக்டோபர் 15 ஆந் திகதி பேரரசர் முதலாம் வில்லியம் முன்னிலையில் நிறைவுவிழா நடைபெற்றபோது, 157 மீற்றர் உயரமுடைய கோபுரங்கள் உலகின் மிகவுயர்ந்த கட்டடமாக அதனை ஆக்கின. ஆனால் ஆலயத்தின் தலைவராகிய பேராயர் மெல்கேர்ஸ் விழாவில் இல்லை. அரசுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் நிகழ்ந்த பூசலினால் அவர் ஒல்லாந்துக்குத் தப்பியோடி வாழ்ந்தார். கத்தோலிக்க மக்களிற் பலர் விழாவினின்றும் ஒதுங்கி நின்றனர். தேச ஒற்றுமையின் சின்னம் எனப்பட்ட ஆலயத்தின் விழாவே தேசத்துள் நிலவிய பிளவை வெளிப்படுத்தியது. பேரரசர் மணியும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. முதலாம் உலகப்போரின் இறுதியாண்டாகிய 1918 இல் அது போர்த்தேவைக்காக உருக்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போரில் 1942 மே 30 ஆந் திகதி இரவு ஆயிரம் குண்டுவீச்சு விமானங்கள் கொலோனைத் தாக்கின. போர் முடிந்தபோது நகரின் நடுப்பகுதி இடிபாடாகியிருந்தது. பேராலயமும் 14 பெருங் குண்டுகளால் தாக்குண்டு, கல்வளைவுகள் பல இடிந்தும் வீழாது நின்றது. முட்டுவளைவுகளும் விலாக்களும் பாரத்தைப் பங்கிட்டுத் தாங்கிய மத்தியகால அமைப்பும், எரியாத இரும்புக் கூரையும் அதற்குத் துணைநின்றன. வடக்குக் கோபுரத்தின் அடியில் ஏற்பட்ட பெரும் பிளவு 1943 இல் செங்கல்லால் அவசரமாக அடைக்கப்பட்டது. அச்செங்கல் ஒட்டு அரைநூற்றாண்டுக்கு மேலாகப் போரின் வடுவாகக் காட்சியளித்து, 2005 ஆம் ஆண்டளவிற் கற்போர்வையால் மறைக்கப்பட்டது. வடு காணப்படவேண்டுமா, மறைக்கப்படவேண்டுமா என்னும் வினாவுக்கு எளிதில் விடைகாண இயலாது. 2007 ஆம் ஆண்டில், போரில் அழிந்த தெற்குச் சாளரத்துக்கு ஓவியர் கெர்ஹார்ட் றிக்டர் 72 வண்ணங்களில் 11,000 க்கும் மேற்பட்ட கண்ணாடிச் சதுரங்களாற் புதுவடிவம் தந்தார். அதில் உருவமோ கதையோ இல்லை. ஆயினும் சுவர் விலகி நிற்க ஒளி உட்புகுதல் என்னும் சென் டெனியின் பழைய இலட்சியத்தை அது வேறெந்த மறுபிரதியையும்விட நேர்மையாகத் தொடர்கின்றது எனலாம்.

மேற்கு முகப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியது. ஆகையால் அது போலியானது எனக் கூறும் விமர்சகர் உளர். அதன் கல்வேலையில் இயந்திரகாலத்துக்குரிய சீர்மை ஒன்று காணப்படுவது மெய்யே. ஆனால் மத்தியகால வரைபடத்தைப் பின்பற்றி எழுந்த அம்முகப்பைப் போலி என ஒதுக்குதலும், முழுவதையும் மத்தியகாலத்தின் பேறாக வியத்தலும் ஒரேவகைப் பிழையின் இரு வடிவங்களாகும். கிழக்கே கெர்ஹார்டின் தூண்களிடை நின்று மேலே நோக்குபவர் ஒரு காலத்தின் நம்பிக்கையையும், மேற்கே கோபுரங்களின் அடியில் நிற்பவர் மற்றொரு காலத்தின் வேட்கையையும் காண்கின்றனர். இரண்டையும் தனித்தனி இனங்கண்டு சுவைத்தலே வரலாற்றறிவோடு கூடிய சுவைப்பாகும்.

கொலோன் பேராலயத்தைப் பேராயர் தம் ஆட்சியின் சின்னமாகக் கண்டனர். நகரத்தார் தம் சுயாட்சியின் பெருமையாகக் கண்டனர். கேரஸ் தேசத்தின் ஆன்மாவாகவும், பிரசிய மன்னர் தம் முடியின் அணியாகவும் கண்டனர். ஒவ்வோர் உரிமைக் கோரிக்கையும் கல்லின் வரலாற்றில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மறுபகுதியை மறந்தது. பழங் கட்டடங்களை ஓர் இனத்தின் தனிச்சொத்தாகவும், பிறரை அவற்றுக்கு அந்நியராகவும் காட்டும் போக்கு எந்நாட்டில் தோன்றினும், அதனை முதலில் மறுத்துரைப்பவை அக்கட்டடங்களின் அடித்தளமும் அளவுகளும் வேலைமுறையுமே ஆகும். 2015 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், குடியேறியோருக்கும் இஸ்லாமியருக்கும் எதிரான ஊர்வலமொன்று கொலோனில் நடைபெற்றபோது, தம் ஆலயம் அதற்குப் பின்னணிக் காட்சியாதலை விரும்பாத பேராலய நிருவாகத்தினர் அதன் வெளிவிளக்குகளை அணைத்துவிட்டனர். அயலகத்துக் கைவினைஞர் கொணர்ந்த அறிவால் எழுந்த ஓர் ஆலயத்துக்கு அச்செயல் மிகப் பொருத்தமுடையதாகும். கோதிக் கலையைக் கற்க விழையும் மாணவர் அதன் கூர்வளைவுகளையும் வண்ணச் சாளரங்களையும் கண்டு மகிழ்வதோடு, அவற்றை யார், எக்காலத்தில், எதன்பொருட்டுத் தம்முடையவை என உரிமை கொண்டாடினர் என்னும் வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும். அவ்வினாவை எழுப்புவதனாற் கட்டடத்தின் அழகு குறைவதில்லை. அதை எழுப்பிய பெயரறியா மனிதர் நம் பார்வைக்குள் வருகின்றனர்.